கலந்த பிறகுதான் குப்பை

கடந்த ஆண்டு எங்கள் பங்குத் திருவிழாவுக்கு மறுநாள் காலையில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். கொடியிறக்கம் முடிந்து, அசனமும் முடிந்து, இரவு பத்து மணிக்கு மேல் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டோம். கோயிலுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் கறுப்புப் பைகள் குவிந்து கிடந்தன. காலை ஆறு மணிக்கு வந்த தூய்மைப் பணியாளர் அக்கா அதில் ஒரு பையைத் தூக்கினார். கனம் தாங்காமல் பை கிழிந்தது. கீழே சரிந்த சோற்றை அள்ளக் கையை விட்டார். உள்ளே கிடந்த உடைந்த டியூப் லைட் கண்ணாடி அவருடைய உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நான்கு தையல்.

மருத்துவச் செலவைப் பங்கு ஏற்றுக்கொண்டது. அவரைப் பார்க்கப் போனபோது அவர் எங்கள்மேல் கோபப்படவில்லை. "சோத்துக்குள்ள கண்ணாடி கெடக்கும்னு நான் எப்படி சாமி நினைப்பேன்?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. சோறும் சாம்பாரும், பிளாஸ்டிக் டம்ளரும் பூமாலையும், உடைந்த விளக்கும் ஒரே பையில் எப்படிச் சேர்ந்தன? யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு பை வாய் திறந்து இருந்தது. கையில் இருந்ததை ஒவ்வொருவரும் அதில் போட்டோம். அவ்வளவுதான் நடந்தது.

அந்தப் பையில் இருந்தவற்றைத் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். மிஞ்சிய சோறு அன்று இரவே யாரோ ஒருவருக்கு உணவாகியிருக்கும். அல்லது மாட்டுக்காவது போயிருக்கும். பூமாலையும் வாழை இலையும் இரண்டு மூன்று மாதத்தில் உரமாகியிருக்கும். தண்ணீர் பாட்டில்களைப் பழைய பேப்பர் கடையில் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். டியூப் லைட்டை அட்டையில் சுற்றித் தனியே கொடுத்திருந்தால் யார் கையும் கிழிந்திருக்காது. இவற்றில் எதுவுமே தனியாக இருந்தவரை குப்பை அல்ல. சாம்பார் பட்ட பாட்டிலைக் கடைக்காரர் வாங்கமாட்டார். கண்ணாடித் துண்டு விழுந்த சோற்றை மாட்டுக்கு வைக்க முடியாது. கலந்த பிறகுதான் அத்தனையும் குப்பையாயிற்று.

நம் வீடுகளில் நாள்தோறும் நடப்பதும் இதுதான். காய்கறித் தோலும் பால் உறையும் மருந்து அட்டையும் பழைய பேட்டரியும் ஒரே வாளியில் விழுகின்றன. அந்த வாளி வண்டிக்குப் போகிறது, வண்டி ஊருக்கு வெளியே உள்ள கிடங்குக்குப் போகிறது. பிறகு என்ன நடக்கிறது என்று நாம் கேட்பதில்லை. ஈரக் குப்பை காற்றோட்டம் இல்லாமல் அடியில் புதைந்து அழுகும்போது மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வலியது. எளிதில் தீப்பிடிக்கவும் கூடியது. மேலே கிடப்பதோ காய்ந்த பிளாஸ்டிக். கோடை வெயிலில் ஒரு பொறி போதும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கு எரிந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதியெங்கும் புகை பரவியது. 2023 மார்ச்சில் கொச்சி அருகே பிரம்மபுரம் பத்து நாளுக்கும் மேல் புகைந்தது. குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியாத நிலை வந்தது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர். அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் பெரும்பாலும் கிடங்கை ஒட்டிச் சிறு வீடுகளில் வாழ்பவர்கள். நம் வீட்டு வாளியில் எதையெல்லாம் சேர்த்துப் போட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

குப்பையை வீட்டிலேயே பிரித்துத் தரவேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது: மட்குவது ஒன்று, மட்காதது ஒன்று, பேட்டரி, விளக்கு, காலாவதியான மருந்து போன்ற ஆபத்தானவை ஒன்று. விதி இருக்கிறது, பழக்கம்தான் வரவில்லை. இதை அன்பியக் கூட்டங்களில் பேசியபோது ஒரு அம்மா கேட்ட கேள்வி நியாயமானது. "நாங்க பிரிச்சுத்தான் குடுக்கிறோம் ஃபாதர். வண்டியில வந்து ரெண்டையும் ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?" சில தெருக்களில் அப்படி நடப்பதை நாங்களே பார்த்திருக்கிறோம். அதை வார்டு உறுப்பினரிடம் கேட்பது நம் உரிமை. ஆனால் ஈரக் குப்பை வண்டிக்கே போகவேண்டியதில்லை என்று ஆகிவிட்டால், யார் எதில் கொட்டினாலும் நம் வீட்டுத் தோலும் சோறும் அங்கே போய் அழுகப் போவதில்லை. ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

இரண்டு பழைய வாளிகள், அல்லது இரண்டு மண்பானைகள் போதும். அடியிலும் பக்கங்களிலும் ஆணியைச் சூடாக்கிப் பத்துப் பதினைந்து துளைகள் போடுங்கள். அடியில் தேங்காய் நாரோ காய்ந்த சருகோ ஒரு சாண் உயரத்துக்கு. அதன்மேல் அன்றன்றைய காய்கறித் தோல், பழத்தோல், வடிகட்டிய தேயிலைத் தூள், முட்டை ஓடு, வாடிய பூ. ஒரு பிடி ஈரக் குப்பை போட்டால் ஒரு பிடி, முடிந்தால் இரண்டு பிடி, காய்ந்த சருகால் மூடிவிட வேண்டும். இந்த ஒன்றை மறந்தால்தான் எல்லாத் தொல்லையும். தொடக்கத்தில் ஒரு கரண்டி புளித்த மோரைத் தெளித்துவிட்டால் வேலை சீக்கிரம் பிடிக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை குச்சியால் கிளறிவிடுங்கள். முதல் வாளி நிறைந்ததும் அதை ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கலாம். இரண்டாவது நிறைவதற்குள் முதல் வாளியில் இருப்பது கறுத்து, உதிர்ந்து, முதல் மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருக்கும். சருகுக்கு எங்கே போவது என்கிறீர்களா? தெருவில் கூட்டிக் கொளுத்துகிறார்களே, அதைக் கேட்டு வாங்குங்கள். கொளுத்துவதும் ஒன்று குறையும்.

பலர் பத்தாம் நாளில் விட்டுவிடுகிறார்கள். காரணம் நாற்றம். நாற்றம் வருகிறது என்றால் ஈரம் மிகுந்துவிட்டது, உள்ளே காற்று போகவில்லை என்று பொருள். சருகை இன்னும் போட்டுக் கிளறினால் ஓரிரு நாளில் நின்றுவிடும். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது. கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் பிழிந்த துணியைப் போல் இருக்கவேண்டும், சொட்டக்கூடாது. வெள்ளைப் புழுக்கள் நெளிந்தால் அருவருப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் அவை நம் வேலையைச் செய்ய வந்தவை. குழம்பு, எண்ணெய்ப் பண்டம், மீன், இறைச்சி இவற்றை மட்டும் வாளியில் போடாதீர்கள், எலி வரும். மீன் கழிவை ஒரு முழத்துக்கு மேல் குழி தோண்டித் தென்னை அடியில் புதைக்கலாம். இடமே இல்லாத அடுக்குமாடி வீட்டில் அது முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஈரம் பிரிந்துவிட்டால், மிஞ்சுவது நாறாது. நாறாததை அவசரமாக வெளியேற்ற வேண்டியதும் இல்லை. ஒரு சாக்கில் போட்டு வைத்து மாதம் ஒருமுறை பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோகலாம். இதில் பால் உறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாம் எப்படி வெட்டுகிறோம்? மூலையில் ஒரு சிறு முக்கோணத்தை வெட்டித் தூக்கிப் போடுகிறோம். பெரிய உறையைக் கழுவிக் காயவைத்தால் கடையில் எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சிறு துணுக்கை எவராலும் பொறுக்க முடியாது. அது சாக்கடைக்கோ மண்ணுக்கோ போய்விடுகிறது. ஒரு வீட்டில் நாளைக்கு இரண்டு உறை என்றால் ஆண்டுக்கு 730 துணுக்குகள். முழுவதும் துண்டிக்காமல், ஒரு நூலளவு ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். இதற்குச் செலவும் இல்லை, நேரமும் இல்லை. எங்கள் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் இதை ஒரே நாளில் கற்றுக்கொண்டு போய் வீட்டில் அம்மாக்களைத் திருத்துகிறார்கள்.

உள்ளே வெள்ளியாக மின்னும் பிஸ்கட், சிப்ஸ் உறைகளை எந்தக் கடையிலும் எடுக்கமாட்டார்கள். பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் ஒட்டிச் செய்தவை அவை, பிரித்தெடுப்பது கடினம். அதற்கு வாங்குவதைக் குறைப்பது ஒன்றே வழி. துணிப்பை பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. எல்லார் வீட்டிலும் பை இருக்கிறது. கடைக்குப் போகும்போது கையில் இருப்பதில்லை. வண்டிச் சாவி மாட்டும் ஆணியிலேயே பையையும் மாட்டிவிடுங்கள். எங்களில் சிலருக்கு அப்படித்தான் மறதி தீர்ந்தது. உடைந்த கண்ணாடியையும் சவரப் பிளேடையும் தடித்த அட்டையில் சுற்றி, மேலே ஒரு சிவப்புக் கோடு போட்டுக் கொடுங்கள். நாப்கின்களைத் தாளில் சுற்றி அதேபோல் கொடுங்கள். எடுப்பது ஒரு மனிதக் கை.

சாப்பாட்டை வீணாக்குவது பற்றி யோவான் நற்செய்தியில் ஓர் இடம் எங்களுக்கு எப்போதும் வியப்பைத் தரும். ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பெருகச் செய்தவருக்கு, மீதித் துண்டுகள் ஒரு பொருட்டா? வேண்டுமானால் இன்னும் ஐயாயிரம் பேருக்குக் கொடுத்திருக்கலாம். ஆனாலும் ஒன்றும் வீணாகாதபடி துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன என்று கணக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் எத்தனை கூடை என்று ஒரே ஒரு வாரம் கணக்கு எழுதிப் பார்க்கலாம். எங்கள் இல்லத்தில் அப்படி எழுதினோம். அதிகம் வீணானது சோறு அல்ல. குளிர்பெட்டியின் பின்பக்கம் மறைந்து கிடந்த கீரையும் கொத்தமல்லியும் அரைத்து மறந்த சட்னியும்தான். இப்போது சீக்கிரம் தீர்க்க வேண்டியதை மட்டும் கண்ணுக்கு நேரே உள்ள தட்டில் வைக்கிறோம். மீந்த சோற்றில் நீர் ஊற்றி வைப்பது நம் பாட்டிமார் செய்ததுதான்; அதற்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சமையலறையில் நிற்கும்போதே அடுப்பையும் பார்த்துவிடுவோம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. கொதி வந்த பிறகு நெருப்பை எவ்வளவு கூட்டினாலும் அது 100 டிகிரியைத் தாண்டாது. பருப்பு வேகமாக வேகாது. தண்ணீர்தான் வேகமாக ஆவியாகும். ஆகவே கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடி போட்டு வையுங்கள். குக்கரில் ஆவி அடைபட்டு அழுத்தம் ஏறுவதால் உள்ளே ஏறத்தாழ 120 டிகிரி வரை போகிறது. அதனால்தான் சீக்கிரம் வேகிறது. அங்கேயும் முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்தால் போதும். அரிசியையும் பருப்பையும் அரை மணி நேரம் ஊறவைத்தாலே எரிவாயு மிச்சம். கொண்டைக்கடலையை இரவே ஊறப் போடுங்கள். தீ பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி வந்தால் அந்தச் சூடு சமையலுக்கு அல்ல, சமைப்பவருக்கு. தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து பாத்திர அடி கரி பிடித்தால் பர்னர் துளைகள் அடைத்திருக்கின்றன. ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

மின்சாரத்தில் கணக்கு எளிது. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இதை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தால் நமக்குத் தெரியாத செலவாளிகள் அகப்படுவார்கள். பழைய குண்டு பல்பு 60 வாட். அதே வெளிச்சத்துக்கு எல்.இ.டி. விளக்கு 9 வாட். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும்; பி.எல்.டி.சி. விசிறி ஏறத்தாழ 30. எல்லாவற்றையும் இன்றே மாற்றுங்கள் என்று சொல்லவில்லை. நல்ல விசிறியைத் தூக்கி எறிவதும் வீணடிப்புத்தான், பழுதாகும்போது மாற்றலாம்.

ஆனால் தொலைக்காட்சிப் பெட்டியை ரிமோட்டில் அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறோமே, கீழே செட்டாப் பாக்ஸில் சிறு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? அது 10 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். நாம் பார்க்காத 20 மணி நேரத்தைக் கணக்கிட்டால், மின் கட்டணம் எடுக்கும் இரண்டு மாதத்தில் 12 யூனிட். 75 வாட் விசிறியை 160 மணி நேரம் ஓட்டியிருக்கலாம். சுவரில் உள்ள சுவிட்சை அணைக்க ஒரு விரல் போதும். மாடித் தொட்டி நிரம்பி வழிவதும் அப்படியே. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு யூனிட் எடுக்கும்; வழிந்தோடும் தண்ணீரோடு மின்சாரமும் ஓடுகிறது. ஏ.சி. வைத்திருப்பவர்கள் அதை 18-இல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்வது ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு டிகிரி கூட்டி வைக்கும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 24-இல் வைத்து விசிறியை மெதுவாக ஓட்டினால் அறை குளிர்ச்சியாகவே இருக்கும். குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி வந்துவிட்டால் கதவின் ரப்பர் தளர்ந்துவிட்டது. குளிர் இரவு பகலாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

"தொழிற்சாலைகள் செய்யும் கேட்டுக்கு முன்னால் என் வீட்டு சுவிட்ச் எம்மாத்திரம்?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய மாற்றங்கள் அரசாலும் தொழில்களாலும் வரவேண்டியவை; வீட்டு சுவிட்சால் வரமாட்டா. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் உலகப் பொருளாதாரத்தைப் பற்றியும் பெரிய நாடுகளைப் பற்றியும் கடுமையாகப் பேசிவிட்டு, தேவையான அளவு மட்டும் சமைப்பது, குப்பையைப் பிரிப்பது, வேண்டாத விளக்கை அணைப்பது ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்கினார். ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று அவர் சொல்லவில்லை. எங்களைப் பொறுத்தவரை, வேப்ப மரத்தடியில் கிழிந்த பை எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வரவில்லை.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு மூன்று பீப்பாய்கள் வைத்தோம். எழுத்து எல்லாருக்கும் தெரியாது என்பதால் பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் படம் வரைந்தார்கள்: இலை, பாட்டில், உடைந்த கண்ணாடி. வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து எவர்சில்வர் தட்டும் டம்ளரும் எடுத்தோம். யார் கழுவுவது என்று பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் இளைஞர் இயக்கமும் வின்சென்ட் தே பால் சபையும் பாதி பாதியாக ஏற்றுக்கொண்டார்கள். சீரியல் விளக்குகளைப் பத்து மணிக்கு அணைத்ததில் சிலருக்கு மனவருத்தம். நான்கு பையன்கள் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் நின்று, கையில் டம்ளரோடு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே அக்கா வந்தார். கறுப்புப் பை ஒன்றுகூட இல்லை. மூன்று பீப்பாய்களையும் எட்டிப் பார்த்தார். இலையும் சோறும் கிடந்த பீப்பாயில் உடனே கை வைக்கவில்லை. வேப்ப மரத்தடியில் ஒரு குச்சியைப் பொறுக்கி வந்து, அடிவரை மெதுவாகக் கிளறிப் பார்த்தார். இரண்டு ஐஸ்கிரீம் கரண்டிகளும் ஒரு பாட்டில் மூடியும் கிடைத்தன. எடுத்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு, பீப்பாயை வண்டியில் ஏற்ற ஒரு கை பிடிக்கச் சொன்னார்.